அந்தப் படைக்குச் சோறு போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஃபேன்டசி நாவல் எழுதுகிறவர்கள் கற்பனை உலகத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். முதலில் வரைபடம் போடு, மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் வை, நாலைந்து ராஜ வம்சங்களுக்கு வம்சாவளி எழுது, ஒரு மொழியை உண்டாக்கு, மந்திரத்துக்கு விதி எழுது, அப்புறம் கதைக்குப் போ என்று அதில் ஒரு வரிசை சொல்லியிருந்தது. ஆனால் அந்த நாட்டில் யார் உழைக்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு கடைசி வரி வரை வரவே இல்லை. நான் காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன், என் புத்தி அங்கேதான் போகும், அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். செல்போனிலேயே ஒரு ஃபேன்டசி தொடர் எழுதுகிறாள், ஆர்வமாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு ராணி, பனிமலை உச்சியில் ஒரு கோட்டை, வாசலில் நாற்பதாயிரம் பேர் கொண்ட எதிரிப் படை, மூன்று மாத முற்றுகை. "ஆத்தா, அந்த மலையில் புல்லே முளைக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய், நாற்பதாயிரம் பேருக்கு மூன்று மாதம் சோறு போட்டது யார்?" என்று கேட்டேன். "ஐயா, இது ஃபேன்டசி, இதுல போய்க் கணக்குக் கேக்குறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கதையில் ஒரு டிராகனும் உண்டு. தினம் பறந்து வந்து ஆடு தூக்கிக்கொண்டு போகும். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை போட வருகிற கீதாரிகளை, அதாவது மந்தைக்காரர்களை, எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். நரி ஒரு குட்டியைத் தூக்கிவிட்டாலே அது யார் கணக்கில் போகும் என்று அவர்களுக்குள் ராத்திரி முழுக்கப் பேச்சு நடக்கும். தினம் இரண்டு ஆடு தின்கிற பிராணி ஒன்று இருக்கிற சீமையில் கிடைக்கூலி ஏறும், கறி விலை ஏறும், கொஞ்ச நாளில் கீதாரி மந்தையை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார், எரு இல்லாமல் மறு வருஷம் வெள்ளாமை குறையும், ராணிக்கு வரி குறையும், படைக்குச் சம்பளம் பாக்கி விழும். டிராகன் நெருப்புக் கக்குகிற பக்கங்களை நான் சீக்கிரம் புரட்டிவிட்டேன், இதையெல்லாம் எழுதியிருந்தால் உட்கார்ந்து படித்திருப்பேன்.

உங்கள் கட்டுரை 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனைப் பெரிதாக எடுத்துச் சொல்லியது. சரி. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், மொழிகளோடு வாழ்ந்தவர். எல்ஃப் என்று கதையில் வருகிற கற்பனை இனத்தாருக்கு அவர் உண்டாக்கிய மொழிகளில் ஒன்றில் பின்னிஷ் மொழியின் சாயல், இன்னொன்றில் வெல்ஷ் மொழியின் சாயல். மொழிகள் முதலில் வந்தன, அவற்றைப் பேச ஆட்களும் ஊரும் வேண்டும் என்றுதான் கதை வந்தது. இதைப் படித்துவிட்டு, சொந்தப் பேச்சுவழக்கையே காது கொடுத்துக் கேட்காத பையன்கள் நோட்டில் புது எழுத்துகளாகக் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். டோல்கீன் தன் கையில் இருந்த தொழிலை எடுத்து உலகம் கட்டினார். நாம் அவர் தொழிலைக் கடன் வாங்கப் பார்க்கிறோம். அர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க அம்மையாரைப் பாருங்கள். அவருடைய அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெரிய மானுடவியலாளர். எந்த ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற பேச்சு புழங்கிய வீடு அது. அவர் 1968-ல் வெளியிட்ட நாவலுக்கு முதலில் ஒரு தீவுக்கூட்டத்தின் வரைபடத்தைத்தான் போட்டார், அதுவும் உங்கள் வரிசைப்படிதான். ஆனால் அந்தத் தீவுகளில் வெண்கலக் கொல்லர் இருக்கிறார், ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், படகு செப்பனிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உலகத்தின் பெரிய மந்திரவாதி ஆகப்போகிற பையன் முதன்முதலில் கற்றுக்கொள்வது ஆடுகளைக் கூப்பிடுகிற மந்திரம். இதைப் பேத்தியிடம் சொன்னபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் எழுத்தாளர்களை இரண்டாகப் பிரிப்பாராம்: எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டம் போட்டுக் கட்டுகிறவர்கள், விதையைப் போட்டுவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கிற தோட்டக்காரர்கள். எனக்கு இரண்டிலும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் யார் பணம் கொடுத்தது, தோட்டத்துக்குத் தண்ணீர் எந்த மடையில் இருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் இல்லையென்றால் கதை நாற்பதாவது பக்கத்தில் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தை ஆரம்பித்தது 1939-ல். அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்குக் கம்பன் காதில் விழாத வருஷம் கிடையாது. கோசலத்தைக் கம்பன் எந்த வரிசையில் கட்டுகிறான் என்று பாருங்கள். முதலில் மேகம் கடலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறது. மலையில் பெய்கிறது. வெள்ளம் இறங்கி ஓடுகிறது, மலையின் சரக்கைக் காட்டுக்கும் காட்டின் சரக்கை வயலுக்கும் இழுத்துப் போட்டு நிலத்துக்கு நிலம் குழப்பி அடிக்கிறது. மணி, பொன், மயில்பீலி, ஆனைத் தந்தம், அகில், சந்தனம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருவதால் அந்த வெள்ளம் வணிகர்களைப் போல இருந்தது என்கிறான். செட்டிநாட்டில் அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் கொஞ்சம் கூடவே விழும், அது வேறு விஷயம். ஆற்றுப்படலம் முடிந்து நாட்டுப்படலம், அதற்கப்புறம் நகரப்படலம், அதற்கும் அப்புறம்தான் அரசியற்படலத்தில் ராஜா வருகிறார். கதாநாயகன் பிறக்க ஐந்தாவது படலம் வரை காத்திருக்க வேண்டும். மழை, ஆறு, வயல், ஊர், அப்புறம் அரசன். உங்கள் கட்டுரையின் வரிசையில் அரசன் மூன்றாவதாக வந்துவிட்டான், மழை வரவே இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தச் சரயு நதியில் ஓடுகிற தண்ணீர் காவிரித் தண்ணீர் என்று படிக்கிற யாருக்கும் தெரியும். தேரழுந்தூர்க்காரன் தனக்குத் தெரிந்த வயலையும் வாய்க்காலையும் கொண்டுபோய் வடக்கே வைத்தான். அதனால்தான் அந்த நாட்டில் சேறு காலில் ஒட்டுகிறது. தொல்காப்பியமும் ஒரு நிலத்துக்குத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறது, ஃபேன்டசி எழுதுகிற பிள்ளைகள் அதை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

மந்திரத்துக்கு வருகிறேன். பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஒரு மந்திரத்தின் சக்தியைவிட அதன் வரம்புதான் சுவாரசியம் என்று விதியே வகுத்திருக்கிறார் என்று உங்கள் கட்டுரையில் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை எழுதிய கையோடு மணிமேகலையில் வருகிற அமுதசுரபியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாமே? எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தின் கதை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. மதுரையில் ஆபுத்திரன் என்ற அநாதைக்குச் சிந்தாதேவி அதைக் கொடுக்கிறாள். அவன் பஞ்சத்தில் கிடந்த ஜனங்களுக்கு அள்ளி அள்ளிப் போடுகிறான். தனக்குப் பணியாத அவன்மேல் இந்திரனுக்குக் கோபம். இந்திரன் என்ன செய்தான் தெரியுமா? பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, இடி விழ வைக்கவில்லை. பாண்டிய நாட்டில் நல்ல மழையாகப் பெய்ய வைத்தான். வெள்ளாமை விளைந்தது, பசித்தவன் என்று ஒருவனும் இல்லை, பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரக்கு கைநிறைய இருந்தும் கிராக்கி செத்துப்போன வியாபாரியின் நிலை. வியாபாரம் செய்த ஊரில் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். அப்புறம் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளே இல்லாத தீவு, அள்ள அள்ளக் குறையாத சோறு, போட ஒரு வாய் கிடையாது. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான். அதற்கப்புறம் பாத்திரம் வைகாசி விசாகத்தன்று மட்டும் பொய்கையில் மேலே வரும். மணிமேகலை கைக்கு வந்த பிறகும் அது உடனே சுரந்துவிடாது, ஆதிரை என்கிற பத்தினி இட்ட முதல் பிச்சை விழ வேண்டும். எத்தனை நிபந்தனை பாருங்கள். ஒரு மந்திரப் பொருளின் வரவு செலவை இவ்வளவு கறாராக யோசித்த சாத்தனாருக்கு முன்னால் கோல் ஆட்டினால் கோட்டை எழும்புகிற கதைகள் எனக்கு ரொம்பச் சோம்பேறித்தனமாகத் தெரிகின்றன.

இனி எங்கள் ஊர் விஷயம். உங்கள் கட்டுரையோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள்: பின்னால் பனிமலை, முன்னால் வழவழவென்று கருந்தூண்கள், தரையில் அப்பட்டமாக ஆத்தங்குடிக் கல். ஓவியர் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டு போய் எல்ஃப் ராஜாவின் சபை ஆக்கிவிட்டார். கோபம் இல்லை, சினிமாக்காரர்களும் இதைத்தான் பல வருஷமாகச் செய்கிறார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கேமராவோடு வருகிற எழுத்தாளப் பிள்ளைகளும் தூணைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடு அப்படி ஏன் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டால், உலகம் கட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பேன்.

வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றி ஏன் வரிசையாக அத்தனை சின்ன அறைகள்? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனையும் மனைவியையும் வேறு வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவது கிடையாது. அதே கூரைக்குள் அவர்களுக்கு ஒரு அறை, தனி அடுப்பு, தனிச் செலவு. கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி. திருமணம், சாந்தி என்று வந்தால் வளவும் முகப்பும் எல்லாருக்கும் பொது. ஆக அந்த வீட்டின் அமைப்பே ஒரு சொத்து விதி, ஒரு சமையல் விதி, ஒரு வரி விதி மூன்றும் சேர்ந்து உண்டாக்கியது. பேத்தியின் ராணிக்கு நாலு தம்பிகள் உண்டு. அவர்கள் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்களா, தனித்தனி அடுப்பா? இதைத் தீர்மானித்துவிட்டால் அந்தக் கோட்டையின் படம் தானாக வரும், யாரோடு யாருக்குச் சண்டை என்பதும் சேர்ந்தே வரும். அப்புறம் தண்ணீர். பெரிய ஆறு கிடையாது எங்களுக்கு, வானம் பார்த்த பூமி. அதனால் ஓட்டுக்கூரை நாலு பக்கமும் உள்ளே சரிந்து மழைத்தண்ணீரை வளவுக்குள் இறக்கும், அண்டாவிலும் கிடாரத்திலும் பிடிப்பார்கள். ஊருக்கு ஊருணி, வயலுக்குக் கண்மாய். ஊருணியில் கால் நனைத்தால் அந்தக் காலத்தில் அடி விழும்.

சரி, இத்தனை தேக்கும் கண்ணாடியும் மார்பிளும் இந்தச் செம்மண் காட்டுக்குள் எப்படி வந்தன? இங்கேதான் தூணைப் படம் எடுக்கிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கடை போட்டு வட்டிக்குக் கொடுத்த பணம் அது. என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கீழ்பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை, மூன்று வருஷத் தவணை முடிந்தால் ஊர் வந்து திரும்பப் போவார்கள். அவர் கொண்டுவந்த பழைய குறிப்பேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே முருகன் பேரில் ஒரு சின்ன வரவு, அப்புறம் பக்கம் பக்கமாகப் பர்மிய விவசாயிகளின் பெயர், தொகை, தவணை. ஒரு பெயருக்கு நேராக ஐயாவின் பொடி எழுத்தில் "மாடு செத்தது, தவணை தள்ளி" என்று இருக்கிறது. அடுத்த தவணைக்கு நேராகவும் தொகை இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெயரே இல்லை.

1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் அது 25 ஆகிவிட்டது. பணம் கொடுத்தவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது, நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? அந்த மனக்கசப்பு பர்மாவின் அரசியல் ஆனது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், ஏராளமான பேர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு நிலமும் போனது. இன்றைக்குப் பூட்டிக் கிடக்கிற வீடுகளும், முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கிற கதவு நிலைகளும் எனாமல் தூக்குகளும் அந்தக் கணக்கின் பாக்கி. கல்யாணத்துக்குக் கல்யாணம் நாம் சாப்பிடுகிற கவுனி அரிசிகூட பர்மாவில் இருந்து வந்ததுதான். இவ்வளவும் ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. கற்பனை ராஜ்யத்தின் அரண்மனை பளபளக்கிறது என்றால் எந்தத் தேசத்து விவசாயியின் மாடு செத்தது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் வில்லனுக்காகக் கறுப்பு அங்கி தைக்க வேண்டிய அவசியமே இராது, நியாயமான கோபத்தோடு ஒரு ஆள் தானாகக் கதைக்குள் நடந்து வருவான்.

இதையெல்லாம் புத்தகத்தில் கொட்டச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது இன்னொரு நோய். கதாநாயகன் படுக்கையை விட்டு எழுந்திருப்பதற்குள் இருபது பக்கம் வரலாறு, பின்னிணைப்பில் நாணய மாற்று விகிதம். கம்பன் நாலு படலம் காக்க வைத்தான் என்றால் அவன் கம்பன், பாட்டுக்குப் பாட்டு நம்மை உட்கார வைக்கத் தெரிந்தவன். மற்றவர்கள் கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, வாசகனுக்கு "மாடு செத்தது, தவணை தள்ளி" அளவுக்கு ஒரு வரி காட்டினால் போதும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்து இளைஞர்களுக்கு ஃபேன்டசி சிறுகதைப் போட்டி வைக்கிற எண்ணம் இருந்தால், விதிமுறையில் வரைபடம் கேட்காதீர்கள். கதை நடக்கிற நாட்டின் ஒரு வருஷ வரவு செலவை ஒரே தாளில் எழுதி இணைக்கச் சொல்லுங்கள், பிரசுரிக்க வேண்டாம், நடுவர்கள் பார்த்தால் போதும். பேத்தியும் போட்டிக்கு அனுப்புவாள். முற்றுகையை மூன்று மாதத்தில் இருந்து பதினைந்து நாளாகக் குறைத்துவிட்டாள், கேட்டால் அது கதையின் வேகத்துக்காக என்கிறாள். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.